ஏழாவது முன்னுரிமை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அரசாங்கத்துக்குத்தான் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. அரசு வேலை வேண்டாம் என்று நீ கிளம்பிப் போனதிலிருந்து அப்பாவும் நீயும் பேசி நாலு வருஷம் ஆகிறது, எனக்கிருக்கும் குறை அது ஒன்றுதான், அதனால் இதைக் கடைசிவரை பொறுமையாகப் படி.

தேர்தல் முடிந்து புது அரசு வந்ததும், முதல் நூறு நாளில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போடும் வேலை எங்கள் திட்டப் பிரிவின் தலையில் விழுந்தது. குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். நான் எடுத்த தாளின் பின்பக்கத்தில் அப்பா வீட்டு வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. டைப்பிஸ்ட் அந்தப் பக்கத்தை அடித்துக் கொடுத்துவிட்டாள். ஏனம்மா கேட்கவில்லை என்றால், தாள்ல இருக்கிறதை அடிக்கிறதுதான் மேடம் என் வேலை, அர்த்தம் பார்க்கிறது உங்க வேலை என்கிறாள். செயலாளர் கையெழுத்துப் போட்டார், மந்திரிகள் யாருக்கு எந்த அறை என்ற சண்டையில் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தார்கள், மறுநாள் அரசாணை வந்துவிட்டது. முதல் முன்னுரிமை, சமையலறைக் குழாய் ஒழுகுவது. இரண்டாவது, கட்டில் கால் ஆட்டம். இப்படியே போய் ஏழாவது, சின்னவனிடம் பேச வேண்டும்.

ஓடிப்போய்த் தப்பு நடந்துவிட்டது என்று சொன்னேன். அரசாணையில தப்பு இருக்காதும்மா, நமக்குப் புரியாம இருக்கலாம் என்றார் செயலாளர். கட்டில் கால் எங்கள் காலத்துத் திட்டம், காப்பியடித்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. ஏழாவது எந்தத் துறைக்கு என்று கல்வியும் சுகாதாரமும் மல்லுக்கட்டின. மாநிலம் முழுக்க அப்பாக்கள் சின்ன மகன்களுக்குப் போன் போட்டு லைன் ஸ்தம்பித்துவிட்டது, பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் விதிவிலக்குக் கேட்டு மனுவோடு நிற்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரிக்கு இன்னும் குடத்தோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் உன்னிடம் மறைப்பானேன், அந்த ஏழாவது வரியைப் படித்ததும் ஆபீஸ் பாத்ரூமில் போய் நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்து, ஏழாவது எப்போது என்று அப்பாவைக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் இருந்த மனுஷன் இல்லையா, எதுவும் வரிசைப்படிதான் வரணும், முதல்ல ஆறையும் முடிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்துவிட்டார்களே! மூன்று இன்ஜினியர்கள் நம் வீட்டுக்கே வந்து குழாய்க்கு ஒரு வாஷர் மாட்டினார்கள், ஒரு துணை ஆணையர் தரையில் படுத்துக் கட்டில் காலைப் பார்வையிட்டார். ஆறாவதான ஜன்னல் கொக்கியும் நேற்று சாயங்காலம் முடிந்தது. அதிலிருந்து அப்பா அந்தக் கொக்கியைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிறார், சரியா உட்காரலை, வேலை முடியலை என்கிறார். அது ஜம்மென்றுதான் உட்காருகிறது. இன்று காலையில் யாரும் சொல்லாமல் ஷேவ் செய்துகொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார், உன் நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன் வந்து நீ எடுக்கும்போது அந்தப் பக்கம் யாரும் பேசாவிட்டால், ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. நீயே முதலில் அப்பா என்று கூப்பிடு.

ஆசியுடன்,
உன் அம்மா