முப்பத்து மூன்று போத்தல்

மார்ச் 6, வெள்ளி

விடியவே வெக்கை. காற்று அசையவில்லை. ஐந்தரைக்குக் கோயில் வாசலில் நிற்கச் சொன்னார்கள், பஸ் வந்தது ஏழரைக்கு.

பையில்: தொப்பி, ஜெபமாலை, தைலம், பிஸ்கட், கத்தரிக்கோல் (கட்டாயமாம்), சாக்கு ஒன்று, இந்தக் கொப்பி.

தவக்கால நடைப்பயணம். மூன்று நாள், இருபத்து நான்கு பேர். "படைப்பில் பரமனைக் காண்போம்" என்று முதுகில் எழுதிய பச்சை ரீ-சேட். துணி நைலோன். போட்டுப் பத்து நிமிடத்தில் முதுகெல்லாம் கடி. இதைப் போட்டுக்கொண்டுதான் படைப்பைப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் ரொஷான் அண்ணா மைக் பிடித்தார். முப்பத்தைந்து வயதிலும் எங்கள் பங்கின் இளைஞர் தலைவர். விடவும் மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். கழுத்தில் விசில் வேறு. இந்த வருடத்துக் கண்டுபிடிப்பு: ஆளுக்கு முப்பத்து மூன்று பிளாஸ்டிக் போத்தல் கரையில் பொறுக்க வேண்டும். இயேசு வாழ்ந்த வருடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் கோர்த்து ஞாயிறு பூசைக்குப் பெரிய சிலுவை. முப்பத்து மூன்று சேர்த்தவர்களின் பெயர் மட்டும் பூசையில் வாசிக்கப்படும். பெயருக்கு நேரே எண்ணிக்கை எழுதுவது நான். செயலாளர் என்றால் இப்படியான வேலைதான்.

முந்தலில் தேத்தண்ணி, மீன் வைத்த மாலு பணிஸ். வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை. ஆனாலும் பின் சீட்டில் கோழி ரோல்ஸ் வாசம். தலைவரின் பை அங்கேதான் இருந்தது.

நுரைச்சோலையில் இறங்கி நடை. முதல் ஒரு மணித்தியாலம் "மௌன நடை". மௌனத்துக்கு உதவியாக ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போட்டார். கரையில் நின்ற உண்மையான கொக்குகள் நாலும் எழும்பிப் போய்விட்டன. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடி உருகிக்கொண்டு நடந்தார்கள்.

"அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி வராம எடு நங்கி. இயற்கை மட்டும் வேணும்." ரொஷான் அண்ணாவின் நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, நான். கமராவும் நான்தான்.

பின்னேரம் பள்ளிவாசல்துறை. தங்குவது யாரோ கொழும்புக்காரரின் வெறும் வீடு. கிணற்றில் உப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டு ஹமீதா ராத்தா தங்கள் கிணற்றில் அள்ளச் சொன்னார். அவர்களுக்கு நோன்பு. எங்கள் ஆட்கள் அவர் முற்றத்தில் நின்றே சோடா குடித்து ஏப்பம் விட்டார்கள். வெட்கம் கிடையாது.

நோன்பு திறந்தவுடன் ராத்தா ஒரு வாளி கஞ்சி கொண்டுவந்தார். "நடந்து வந்த புள்ளையள். சூடா குடிங்க." அவர் போனதும் ரொஷான் அண்ணா அகப்பையால் கிண்டிப் பார்த்தார். "இதுல இறைச்சி ஈக்கும். இண்டைக்கு வெள்ளி." முழு வாளியும் தென்னை மரத்தடியில். மத்தியானம் கோழி ரோல்ஸ் தின்ற கையாலேயே ஊற்றினார். வாளியைக் கழுவிக் கொடுக்கப் போனது நான்.

"எல்லாம் முடிஞ்சா? இன்னும் தரவா மகள்?"

"வேணாம் ராத்தா. வயிறு நிறைஞ்சிட்டு."

பொய் சொல்லப் பழக்கம் வந்துவிட்டது. பசி. பிஸ்கட் நாலு.

மார்ச் 7, சனி

காலில் கொப்புளம், இடது குதி. வெயில் நேற்றைவிட மோசம்.

போத்தலுக்குத் தட்டுப்பாடு. கரை அவர் நினைத்த அளவு அசுத்தமாக இல்லை. குப்பை போதாது என்று ஏசிக்கொண்டு குப்பை தேடும் கூட்டத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒருத்தி கடையில் புதுத் தண்ணீர்ப் போத்தல் வாங்கி, தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைக் கொண்டுவந்தாள். அதையும் எழுதினேன்.

பதினொரு மணிக்கு எனக்கு 26.

கடலுக்கு மறுபக்கம், களப்புக் கரையில் மீனவர்களின் ஓலை வாடி ஒன்று. பக்கத்தில் நண்டு வலைக் குவியல். வலையோடு வரிசையாகக் கட்டிய போத்தல்கள். ஆள் இல்லை. ஷெரின், எங்களில் சின்னவள், முதலில் கண்டாள்.

"பழைய வலை அக்கா. எறிஞ்சிட்டுப் போயிட்டாங்க."

பழசா புதுசா, எங்களுக்கு என்ன தெரியும். எங்களுக்கு நண்டு சந்தையில் இருந்து வருகிறது. ஏழெட்டுப் பேர் குந்திக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டினார்கள். நானும் குந்தினேன். மூடிகளில் மெழுகு பூசியிருந்தது, தண்ணீர் உள்ளே போகாமல். எறிந்த போத்தலுக்கு யார் மெழுகு பூசுவார்கள்? அது என் கண்ணில் பட்டது. பட்டும் வெட்டினேன். ஏழு. என் பெயருக்கு நேரே 33.

பின்னேரம் ரொஷான் அண்ணா கம்பியை நெருப்பில் காய்ச்சி ஒவ்வொரு போத்தலிலும் குத்திக் கோர்த்தார். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. சிலுவை பத்தடி. வீட்டுக்குப் பின்னால் சாத்தி, சீலை போட்டு மூடினோம்.

ஐந்து மணி போல ராத்தாவின் கணவர் அன்சார் நானா வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றே கதைத்தார்.

"தம்பி, வாடியடில எங்கட வலை கெடந்த. மிதப்பெல்லாம் ஆரோ வெட்டி எடுத்திருக்காங்க. புள்ளையள் ஆராச்சும் கண்டாங்களா?"

"இல்லையே நானா. நாங்க கடல் பக்கம்தான் போன. நாய் கீய் இழுத்திருக்கும்."

நாய், கத்தரிக்கோலோடு.

"நாளைக்கு வலை விடணும். பெருநாளும் கிட்ட வந்திட்டு. சரி, கண்டா செல்லுங்க."

இருபத்து மூன்று பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னோடு இருபத்து நான்கு. அவர் போனதும் ரொஷான் அண்ணா கைதட்டினார். "சரி சரி. எல்லாரும் வாங்க, ஜெபமாலை சொல்லுவம்." இரண்டாம் பத்து என் முறை. சொன்னேன். என் குரலைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஏழு மணிக்குக் கரையில் பூசை. கடும் காற்று. பாதர் வாகனத்தில் வந்து இறங்கினார், சப்பாத்தில் மணல் போகாமல் இருக்கப் பாய் விரித்தார்கள். சிலுவையை நட்டார்கள். காற்றில் போத்தல்கள் கடகட என்று ஆடின. பிரசங்கம்: "பிள்ளைகளே, கடல் அழுகிறது." பெயர் வாசித்தார்கள். என் பெயரும். கைதட்டினார்கள்.

பூசை முடிந்து, வாகனத்துக்குப் பின்னால் பாதரிடம் எல்லாம் சொன்னேன். நான் வெட்டிய ஏழையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை போத்தல்?"

"நாப்பது, அம்பது இருக்கும் பாதர்."

"சின்ன விசயம் பிள்ள. அவங்களும் நல்ல சனம். இதப் பெரிசாக்க வேணாம். சிலுவை பெரிய வெள்ளி வரைக்கும் இங்கயே நிக்கட்டும்."

நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அன்சார் நானா வலை விடப் போகவில்லை. முற்றத்தில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் வாயைத் திறந்து பாதி சொல்லும்போதே ராத்தா தலையை ஆட்டினார்.

"தெரியும் மகள். காலைல கண்டன். மேல ஈக்கிற பச்சை மூடியெல்லாம் எங்கட. நான்தான் மெழுகு பூசின."

"ஏன் ராத்தா வந்து கேக்கல்ல?"

"எப்புடிக் கேக்கிற? நீங்க அத சிலுவையாக்கிட்டீங்களே. எங்கட ஆக்கள் போய் அதுல கை வச்சா என்னா கதை வரும்? ஆமி வரும், பொலிஸ் வரும், டீவியில போடுவான். ஈஸ்டர் குண்டு வெடிச்ச வருசம் நாங்க பட்டது போதும்."

அன்சார் நானா நிமிரவே இல்லை.

கரைக்கு வந்தேன். மற்றவர்கள் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோலை எடுத்து, சிலுவையின் கட்டுகளைக் கீழிருந்து வெட்டிப் போத்தல்களைக் கழற்றத் தொடங்கினேன்.

"பைத்தியமா நங்கி? ஆண்டவர்ட சிலுவை அது."

"இது நண்டு வலை மிதப்பு. உங்களுக்கும் தெரியும்."

விசில் ஊதினார். உண்மையாகவே விசில் ஊதினார். மூன்று பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பாதரின் வாகனம் மெதுவாகக் கிளம்பிப் போனது. கடைசியில் ஷெரின் மட்டும் அழுதுகொண்டு வந்து கம்பியைப் பிடித்தாள்.

மெழுகு பூசியவை நாற்பத்து நாலு. சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினார். இரண்டு பக்க ஓட்டையாலும் காற்றுப் போனது. இன்னொன்று, அதுவும் அப்படியே.

"இனி மிதக்காது மகள். குப்பைக்குத்தான்."

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். முகம் கழுவிவிட்டுப் போகச் சொன்னார், வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி.

மார்ச் 9, திங்கள்

லேசான தூறல். கொப்புளம் உடைந்துவிட்டது. வேலைக்குப் போகவில்லை.

வட்ஸ்அப் குழுவில் இருந்து காலை ஆறு மணிக்கே தூக்கிவிட்டார்கள். கத்தரிக்கோலோடு நான் நிற்கும் படம் ஊரெல்லாம் போகிறது. கீழே: "சிலுவையை வெட்டிய கை". வலையை வெட்டிய கையை ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுக்கும் கமரா என்னிடம்தான் இருந்தது.

பத்து மணி: சந்தியில் இரண்டு சாப்பாட்டுக் கடையில் வெறும் போத்தல் கேட்டேன், மூடியோடு. முப்பத்தெட்டு கிடைத்தன. வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். மூன்று ஒழுகின, கழித்தேன். மெழுகுதிரி உருக்கி மூடிக்குப் பூசுவது நினைத்த அளவு லேசில்லை. விரல் சுட்டுவிட்டது. இன்னும் ஒன்பது வேண்டும்.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. படத்தைச் சித்தி காட்டியிருக்கிறா. பிறகு சொன்னா:

"பாதர் போன் எடுத்தவர். நாலு மணிக்கு வரட்டாம். போய்க் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"ஆரிட்ட?"

"இது என்ன கேள்வி? பாதரிட்டத்தான். வேற ஆரிட்டக் கேக்க இருக்கு?"