கொஞ்சம் ஆடுற பேரிங்

அன்புள்ள ரூக்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அம்மாவும் குட்டி நூரைனும் நலமாக இருக்க துவா செய்கிறேன். ஓமனில் நான் சுகம். உள்ளங்கையில் லேசாகச் சூடு பட்டது, ஆறிவிட்டது.

எங்கள் ஆலையில் சூடான காற்றை இழுக்கும் பெரிய விசிறியின் பேரிங் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றும்போதுதான் கை சுட்டது. ஸ்டோரில் ஒரே அளவில் இரண்டு வகை இருந்தன. சூப்பர்வைசர் இரண்டையும் கையில் ஆட்டிப் பார்த்து, ஆடாததை எடுக்கச் சொன்னார்.

எனக்குக் கீழ்பென்னாத்தூரில் நம் மிளகாய் அரைக்கும் மிஷின் நினைவுக்கு வந்தது. மெக்கானிக் போட்ட இறுக்கமான பேரிங் சூட்டில் சிக்கியதும், நீயே திருவண்ணாமலைக் கடைக்குப் போய், "சூடானா விரியும்ல? அதுக்கு எடம் வேணாவா? கொஞ்சம் ஆடுறதா குடுங்க" என்று கேட்டாய்.

"ஆடுற பேரிங்கைக் கேட்டு வாங்குற மொத ஆளு நீங்கதாம்மா" என்று கடைக்காரர் சிரித்தார். அது இன்னும் ஓடுகிறது.

இதைச் சொல்லித்தான் ஆடுவதைக் கேட்டேன். "இதுவும் சிக்குச்சுன்னா உன் லீவு போச்சு" என்றார் சூப்பர்வைசர். விசிறி ஒரு மாதமாக நிற்காமல் ஓடுகிறது. பக்ரீத்துக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். அது நீ வாங்கிக் கொடுத்த லீவு, ரூக்ஸார்.

அதுவரைக்கும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் ஆலை நண்பன் காசிம் இங்கே திரும்பும்போது நம் மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பதில் நிறம் ஜாஸ்தி, காரம் கம்மி. இன்னொன்று, நான் போன் செய்தால் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசுகிறாய். இனி நிறுத்தாதே. அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

காசிமின் வண்டி வந்துவிட்டது.

உன் மொஹ்சின்