ராஜினாமா செய்த தாடிக்காரர்

அண்ணாச்சி,

இன்று காலை நம் கல்லூரி முதல்வர் அறைக்குள் சந்தன வாசனை. நீங்கள் மாட்டிவிட்டுப் போன அமெரிக்கத் தாடிக்காரர் படத்துக்கு உதவியாளர் இசக்கி பொட்டு வைத்திருந்தார். "இவிய நம்ம நிறுவனரோட அப்பாதான சார்?" என்றார். சாரல் ஈரத்தில் படத்தின் முகமெல்லாம் பூஞ்சை. மறுக்க மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சிறு கல்லூரியை நடத்திய அவரை ஆராய்ந்துதான் நீங்கள் முனைவர் ஆனீர்கள். தென்காசியிலிருந்து நாம் வேலைக்குப் பேருந்தில் வரும்போதெல்லாம் அவர் கதைதான். விவசாயி மகன், கணக்கு வாத்தியார், பிறகு கல்லூரித் தலைவர். பிரசங்கமும் செய்தார், மணியும் அடித்தார். கடைசியில், எதிர்த்துக் கேட்ட மாணவர்களை நீக்கச் சொன்ன நிர்வாகத்திடம் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு நடந்தார். கதை அங்கே வரும்போது நம் நிறுத்தமும் வந்துவிடும். "நாற்காலி என்ன பெரிய நாற்காலி வே" என்றபடி இறங்குவீர்கள்.

முதல்வராக இருந்த உங்களுக்கும் அந்த நாள் வந்தது. விடுதிச் சோற்றில் புழு என்று தட்டோடு வாசலில் உட்கார்ந்த மூன்று மாணவர்களுக்கு டி.சி. கொடுக்கச் சொன்னார் தாளாளர். நீங்கள் ராஜினாமா கொடுத்தீர்கள். மாலை போட்டுப் பேருந்து நிலையம்வரை கூட்டிப்போனோம். மறுநாள் பொறுப்பேற்றவர் மூன்று டி.சி.யிலும் கையெழுத்திட்டார். அதைப் பார்க்கக் கூட்டம் இல்லை.

அந்த மூவரில் ஒருவனைப் பிறகு புளியங்குடிச் சந்தையில் பார்த்தேன். லாரியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். "எங்களுக்காவ வேலையவே விட்டாவ சார். மனுசன்னா அவியதான்" என்றான். படிப்பை எங்கே முடித்தாய் என்று நான் கேட்கவில்லை.

போன சாரல் காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உங்களிடம் அதைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, முதல்முறையாக மீதிக் கதையைச் சொன்னீர்கள்.

"தாடிக்காரரு போன பொறவு, அடுத்து வந்தவன் பயலுவ அத்தன பேரையும் நீக்கிட்டான் வே. அத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. சொன்னா கதை நல்லா இருக்காதுல்லா."

அதன்பின் நீங்கள் வீடு திரும்பவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் நான். விடுதியின் கலங்கல் தண்ணீரைப் படமெடுத்து இணையத்தில் போட்ட மாணவிக்கு டி.சி. கொடுக்க வேண்டுமாம். நேற்று தாளாளர் கேட்டார்: "கையெழுத்துப் போடுதீரா, இல்ல உம்ம அண்ணாச்சி மாதிரி போறீரா?"

"ரெண்டும் இல்ல சார்."

"அப்ப உம்மத் தூக்குதேன்."

"தூக்குங்க. அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. மாலைக்கும் வாய்ப்பில்லை. பேருந்தில் நீங்கள் சொன்ன பாதிக் கதையைக் கல்லூரியே சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் சொன்ன பாதி என்னிடம் மட்டும் இருக்கிறது.

ஜன்னலுக்கு எதிரே வகுப்பறை. மூன்றாம் வரிசையில் அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.