கீழறைச் சுவர் காய்ந்துவிட்டது

மாப்பிள்ளை,

இன்று காலை புதுச் சுவர்ச்சாய டின்னின் மூடியை நெம்பித் திறந்ததும் அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அந்த வாடைக்கு எனக்கு முதலில் வருவது கோபம். அதற்குப் பிறகுதான் உன் நினைவு.

செலண்டார் ஊரில் வீடு கட்ட நீ வாங்கியது சரிவு நிலம். சாலையிலிருந்து பார்த்தால் சாதாரண ஒற்றைத் தள வீடு. பின்பக்கம் இறங்கினால் அதற்கடியில் ஓர் அறை. அதன் ஒரு சுவர் முழுவதும் மண்ணில் முதுகை ஒட்டி நிற்கிறது. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். சிமெண்டுப் பூச்சு முடிந்த கையோடு சொன்னேன்: வெளியே மண்ணைத் தோண்டிக் கால்வாய் விடு, நீர்க்காப்புப் பூச்சு பூசு, சில மாதம் சுவரை வெறுமனே காயவிடு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். மறுநாள் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பத்து பெரண்டாம் ஊர்ச் சாயத் தொழிற்சாலையில் இப்படிச் சோதனை பார்ப்பதுதானே என் பிழைப்பு.

"என்னா மச்சான், சுவத்துக்குக் காய்ச்சல் பாக்குறியா?" என்று சிரித்தாய்.

"ஈரம் போகலடா. இப்ப அடிச்சா உரிஞ்சிக்கிட்டு வரும். பால் காய்ச்சுற நாளத் தள்ளிப் போடு."

"ஐயரு நாள் குறிச்சிட்டாரு லா. வர்றவங்க மொட்டச் சுவத்தையா பாத்துட்டுப் போறது? தள்ளிப் போடு, தள்ளிப் போடுன்னுதான் உன் கல்யாணமும் போச்சு."

தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமை. நீ என் தங்கையைக் கட்டிய பிறகு அந்த உரிமை இன்னும் கூடிப்போனது.

நான் சாயத்தைத் தொடவில்லை. நீயே உருளையை எடுத்து அடித்தாய். இளம்பச்சை.

பால் பொங்கிய அன்றே சுவர் கொப்பளித்துவிட்டது. உன் பெரியப்பா ஒரு கொப்புளத்தை விரலால் குத்தினார். தண்ணீர் வழிந்தது. "என்னாய்யா, புது வூடு அழுவுது?" என்றார். நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் சொன்னாய்: "நம்ம மச்சான் கைவேல, பெரியப்பா. படிச்சவரு சாயம் அடிச்சா இப்படித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். தங்கை வாசல் வரை ஓடிவந்தாள். நீ வரவில்லை.

"தப்பா சொல்லிட்டேன் மச்சான்" என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். தீபாவளிக்கு முறுக்குதான் வந்தது, அதுவும் தங்கை கையில். பிறகு ஒருநாள் நீ ஓட்டிவந்த லாரியிலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் போய்விட்டால், மற்றவன் அந்த வார்த்தையை யாரிடம் போய் வாங்குவது?

கீழறையில் வைத்த துணியெல்லாம் பூசணம் பிடித்தது. அங்கேதான் தங்கை தையல் மெஷினைப் போட்டுப் பிழைக்க நினைத்திருந்தாள். "அண்ணே, நீங்கதான் பாக்கணும்" என்றாள். அவளுக்காக வந்தேன். உன் பச்சை தோல் தோலாக உரிந்து வந்தது. அடியில் உப்புப் பூத்திருந்தது. ஆள் வைத்து வெளிமண்ணைத் தோண்டினேன், கால்வாய் விட்டேன், பூச்சுப் பூசினேன். சாப்பாடு மட்டும் உன் வீட்டில் இல்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து பின்படியில் உட்கார்ந்து தின்றேன்.

சுவர் காய மாதக்கணக்கில் ஆகும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே சொன்னாள்: "துக்க வருசம் அண்ணே. திதி முடியாம சாயம் அடிக்கக் கூடாது."

சுவர் வெறுமனே நின்றது. அடுத்த தீபாவளிக்கு அண்டை வீடெல்லாம் புதுச் சாயம் பூசிக்கொண்டன. இந்தச் சுவர் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சென்ற வாரம் உன் திதி முடிந்தது. மறுபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நான் அன்று உன்னிடம் கேட்ட அவகாசம் இதுதானே? உயிரோடு இருந்தபோது தர மறுத்தாய். செத்துப்போய்த் தந்திருக்கிறாய். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாத்தியா, சொன்னேன்ல?" என்று காட்ட ஆளில்லை.

தங்கை அதே இளம்பச்சைதான் வேண்டும் என்றாள். இன்று முதல் பூச்சு அடித்து முடித்தபோது உன் பெரியப்பா வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு கொப்பளம் இல்லியே!"

"அவரு பாத்துப் பாத்துக் கட்டுன ரூமு, மாமா" என்றாள் தங்கை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் கட்டுனது சோட போவுமா?" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி நீதானேய்யா கெடுத்த?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன். நீ சொன்ன பொய்யை இனி நான்தான் சுமக்க வேண்டும் போலிருக்கிறது.

அவர் போனதும் தங்கை தட்டில் சோறு போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் வீட்டில் முதல் தடவை. மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. பசித்தது, அவ்வளவுதான்.

சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் உன் பச்சை போகவில்லை. நாளைக்கு இரண்டாம் பூச்சு.