சொந்த விருப்பத்தின் பேரில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் அடைக்கல மனுவை மூன்றாவது முறையும் தள்ளிவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், இப்போது அவர்களே டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். சொந்த விருப்பத்தில் திரும்புகிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் போதும். படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில், 'நீங்கள் துரத்துவதால்' என்று எழுதினேன். மொழிபெயர்க்க வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, இப்படி எழுதினா டிக்கெட் வராது, போலீஸ்தான் வரும். நீங்களா ஆசைப்பட்டுப் போற மாதிரி எழுதுங்க."

இந்த வருடம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. உங்களுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவைக் கொண்டுபோனவர்கள் என்னையும் தேடுகிறார்கள் என்று ஆறு வருடம் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஆதாரம் கேட்டார்கள். இந்தப் பொய்க்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் முத்திரை குத்திவிட்டார்கள்.

ஒருவேளை இந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தால் கொஞ்சம் இருமுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், பக்கத்து வீட்டிலும் சொல்ல வேண்டாம். கொல்லைக் கதவை மட்டும் தாழிடாமல் வையுங்கள்.

சொந்த விருப்பத்தின் பேரில்,
உங்கள் மகன்