ஏழு சால்வையும் ஒரு தாம்பாளமும்

ஜன. 12, திங்கள்

மூடுபனி. எதிர் வீட்டு மொட்டை மாடி தெரியவில்லை. நான் கணக்கு நடத்தும் ஜாதவ்பூர் கோச்சிங்கில் ஒன்பதாம் வகுப்புக்கு வட்டங்கள். பாதிப் பேர் வரவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகி ஆறு வாரம். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பத்தாறு வருடம் பியூன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பெஹாலாவுக்கு வந்து மூன்று வாரம். இன்னும் நாலு பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அப்பாவுக்கு நேரமில்லை. காலண்டரில் அவர் கையெழுத்து:

திங். – பொங்கல் விழா மீட்டிங்
செவ். – நாடக ரிகர்சல்
புத. – கரியாஹாட், சால்வை
வியா. – கச்சேரி
வெள். – ரிகர்சல்
சனி – சீனியர் சிட்டிசன் பிக்னிக்
ஞாயி. – விழா

எல்லாம் தமிழ்ச் சங்கம். கீழ் வீட்டுக்கார பெங்காலிப் பெண் (தெருவுக்கே பௌதி, அதாவது அண்ணி) கேட்டார்: "மாரிமுத்து பாபு, நீங்க ரிட்டயர் ஆனீங்களா, மந்திரி ஆனீங்களா?" அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அம்மா: "இவரு ரிட்டயர் ஆனாருன்னு எனக்குத் தெரியவே இல்ல. டிபன் டப்பா கழுவுற வேலைதான் போச்சு."

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னது: "ஞாயித்துக்கிழமை நான் மேடையில இருக்கணும்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு." இந்த வருடம் ஓய்வு பெற்ற உறுப்பினர்களுக்கு விழாவில் சால்வை போர்த்துகிறார்கள். அம்மா கையைக் கழுவிவிட்டு உடனே வெள்ளைச் சட்டையைத் தேடப் போனாள். பிரிக்காத பெட்டி ஒன்று பிரிந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். இதை எழுதி வைக்கிறேன்.

ஜன. 13, செவ்வாய்

குளிர். வகுப்பு சீக்கிரம் முடிந்தது. அப்பாவுடன் ரிகர்சலுக்குப் போனேன். ஏன் போனேனோ.

அப்பா செய்தவை:
நாற்காலி நாற்பது, மாடியிலிருந்து கீழே
டீ, இரண்டு தடவை
ராஜா வேஷக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் காரிலிருந்து எடுத்து வந்தது
நாற்காலி நாற்பது, கீழேயிருந்து மாடிக்கு

நாடகம் பார்த்தது: இல்லை.

செக்ரட்டரி சார் (இனி செ.சா., முழுதாக எழுதக் கை வரவில்லை) அதே ரயில்வே ஆபீஸில் அதிகாரியாக இருந்தவர். அவர் அறை வாசலில் அப்பா ஒன்பது வருடம். இப்போது இரண்டு பேரும் ஓய்வு. ஆனாலும் அவர் காரைவிட்டு இறங்கினால் பை தானாக அப்பா கைக்கு வருகிறது. சங்கத்தில் எல்லாருக்கும் அப்பா 'முத்து'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் முத்து அங்கிள்தான். முழுப் பெயர் யாருக்காவது தெரியுமா, சந்தேகம். அப்பாவும் உறுப்பினர்தான். இருபது வருடத்துப் பழைய அட்டை, ஓரம் மடங்கி, பர்ஸில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிரிவுபசாரப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் ஆபீஸில் எடுத்தது. அப்பா கழுத்தில் மாலை. கையில் டீ கெட்டில். தன் பிரிவுபசாரத்துக்குத் தானே டீ ஊற்றியிருக்கிறார். யாரும் ஊற்றச் சொல்லவில்லையாம். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஜன. 14, புதன்

கரியாஹாட் கடைத்தெரு, விழாவுக்குச் சால்வை எடுக்க. அப்பாவும் நானும். கடைக்காரர் விரித்துக்கொண்டே போனார். அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத் தையலைப் பார்த்து எடுத்தார். சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எடுப்பதுபோல.

கடுகு மஞ்சளில் ஒன்று. நீளம் போதுமா என்று தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். கொஞ்சம் அதிக நேரம்தான் நின்றார். கடைக்காரர் பெங்காலியில், "உங்களுக்கே எடுத்த மாதிரி இருக்கு அண்ணா."

அப்பா அதை மடித்தார். எண்ணினார். மடித்ததோடு சேர்த்து எட்டு. நானும் எண்ணினேன். மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏழுதான் சொல்லியிருக்காங்க."

அந்த ஏழில் ஒன்று அவருடையது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மெரூன்தான் அப்பாவுக்குப் பொருத்தம் என்றுகூட யோசித்து வைத்தேன்.

கோச்சிங்கிலிருந்து போன். நாளை லீவு.

ஜன. 15, வியாழன்

பொங்கல். பால் பொங்குவதற்குள் அப்பாவுக்கு மூன்று போன். பொங்கியதும் கிளம்பிவிட்டார். அம்மா கரும்பைத் தேவைக்கு மேல் சின்னதாக வெட்டினாள். பௌதி பாட்டிஷாப்டா என்ற சுருட்டிய பலகாரம் கொடுத்தார். உள்ளே தேங்காயும் புது வெல்லமும். நாலு தின்றேன். கோபத்தில் பசிக்கிறது.

மாலை கச்சேரிக்கு அம்மாவும் நானும். அப்பா வாசலில் கார்டு வாங்கிக் கிழித்துக்கொண்டு நின்றார். இரண்டரை மணி நேரம். எங்கள் வரிசையில் ஒரு நாற்காலி காலி. எழுந்துபோய் அவரைக் கூப்பிட ஆறு தடவை நினைத்தேன். கடைசியில் போனேன். அதற்குள் அங்கே செ.சா.

"என்னம்மா, அப்பாவை உக்கார வைக்கப் போறியா? முத்துவுக்கு நின்னாதான் சுகம். உக்காந்தா தூங்கிடுவான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பதில் தொண்டை வரை வந்தது. "சரி சார்" என்று வெளியே வந்தது. சரி சார். நான் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். சரி சார்.

ஜன. 16, வெள்ளி

செ.சா. என்னைக் கூப்பிட்டுவிட்டார். வேலை இதுதான்: விழாவைத் தொகுத்து வழங்குவது அவர் அண்ணன் மகள் ஸ்ருதி. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் பேச வேண்டிய தமிழை எல்லாம் பெங்காலி எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் மேடையேறுகிறார்கள். செ.சா.வுக்கு பெங்காலி பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. எனக்கு இரண்டும் வரும்.

வரவேற்புரை, நன்றியுரை, சால்வைப் பட்டியல். ஏழு பெயர். பேங்க் மேனேஜர், இன்ஜினியர், டாக்டர் இரண்டு, பேராசிரியர் அம்மா, அதிகாரி இரண்டு. மேலேயிருந்து கீழே படித்தேன். கீழேயிருந்து மேலே படித்தேன்.

"சார், எங்க அப்பாவும் இந்த வருஷம்தான்..."

"யாரு, முத்துவா? அவன் நம்ம ஆளும்மா. அவனுக்கு எதுக்கு இந்த ஃபார்மாலிட்டி எல்லாம்? அவன்தான் மேடையிலயே நிக்கப் போறானே, தட்டைப் பிடிச்சுக்கிட்டு."

அவன். அறுபது வயது.

வீட்டில் அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா. கேட்க வாய் வரவில்லை. தெரியாது என்றே வைத்துக்கொண்டேன்.

ஜன. 17, சனி

பிக்னிக். அப்பா விடியுமுன் கிளம்பிவிட்டார், பாத்திரம் ஏற்ற. பெரியவர்கள் பஸ்ஸில். அப்பா டெம்போவில், அடுப்புடன்.

நான் ஸ்ருதிக்கு எழுதினேன். ஏழு பக்கம், நல்ல கையெழுத்தில். பட்டியலில் ஏழாவது பெயர் முடிந்தது. கீழே இடம் இருந்தது. எட்டாவதாக எழுதினேன்: திரு. மாரிமுத்து, முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வே பணி.

மேலே இருக்கும் ஏழு பெயரும் அப்பா பெயரும் ஒரே அளவு எழுத்து. ஸ்கேல் வைத்ததுபோல.

அப்பா மாலையில் வந்தார். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம். "நல்ல பிக்னிக். கங்கைக் கரை." கங்கையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "போகும்போது தெரிஞ்சுது."

ஜன. 18, ஞாயிறு

வெயில். மேடைக்கு ஒரு பெரிய தட்டு வேண்டும், வீட்டிலிருந்து கொண்டு வா என்றார்களாம். அம்மா தன் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். அவள் கல்யாணத்துக்கு வந்தது. பிரசாதத்துக்கு என்று நினைத்தாள்.

மாலை நாலரை. அம்மா நாலாவது வரிசை. நான் மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால், ஸ்ருதிக்குப் பக்கம் எடுத்துக் கொடுக்க. அப்பா கஞ்சிச் சட்டையில், தாம்பாளத்தில் சால்வைகளுடன் சிறப்பு விருந்தினர் பக்கத்தில். அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் மாறியது.

ஸ்ருதி நன்றாகத்தான் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், சால்வை, போட்டோ. தாம்பாளத்தில் குறைந்துகொண்டே வந்தது. மூன்று. இரண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு சால்வை. நானும் கூட நின்று எண்ணியவள்தானே. பேர் எழுதினேன், சால்வையை யோசிக்கவில்லை. கோபத்தில் அவ்வளவு புத்தி. ஸ்ருதி கையிலிருந்த தாளைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

"அடுத்ததாக, திரு. மாரிமுத்து அவர்கள்."

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒரு மாமி திரும்பிப் பார்த்தார். "யாரு மாரிமுத்து? வரலையா?" யாருக்கும் தெரியவில்லை. மேடையில் ஒருவர் மட்டும் தலையைத் தூக்கினார்.

சிறப்பு விருந்தினர் பழக்கத்தில் தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டினார். வெறும் பித்தளை. செ.சா. மைக்கைப் பிடித்து, "நம்ம முத்துதான், நம்ம முத்து. ஏதோ தவறுதலா... முத்து, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போப்பா."

கும்பிட அப்பாவுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் தாம்பாளம். வைக்கப் பக்கத்தில் மேஜையும் இல்லை. ஒரு நொடி நின்றார். பிறகு திரும்பி அதை செ.சா.விடம் நீட்டினார். செ.சா. வாங்கிக்கொண்டார். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்பா கும்பிட்டார். சபையைப் பார்த்து, நிதானமாக. நாலாவது வரிசையில் அம்மா கைதட்டினாள். அவள் மட்டும். பிறகு பின்வரிசைகளில் சிலர். போட்டோக்காரர் எடுத்தார். படத்தில் செ.சா. தாம்பாளத்துடன் இருப்பார்.

அப்பா அதைத் திரும்ப வாங்கவில்லை. படியிறங்கி, நடந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

முடிந்ததும் செ.சா. என்னிடம்: "நீ எழுதினதாம்மா?"

"ஆமாம் சார்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டேன் சார். வெள்ளிக்கிழமை."

இவ்வளவுதான் பேசினேன். ஆனால் பேசினேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம், மங்கி கேப்பை இறக்கிவிட்டுக்கொண்டு. உன்னால் அவமானம் என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். தாராதலா ஸ்டாப் தாண்டியதும் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா எட்டா வாங்கியிருப்பேன்."

அப்படியானால் அந்த ஏழில் தனக்கு இல்லை என்று புதன்கிழமையே தெரியும். கண்ணாடி முன்னால் நின்றபோதே தெரியும். அம்மா கஞ்சி போட்டபோதும் தெரியும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீடு வரை வந்தேன். எல்லார் மேலும்தான்.

ஜன. 19, திங்கள்

மறுபடி மூடுபனி. காலண்டரில் இந்த வாரம் வெறுமை. அப்பா இரண்டாவது பெட்டியைப் பிரிக்கிறார். உள்ளே பழைய செருப்பு, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இரண்டு பூட்டு, சாவி ஒன்று.

எட்டரைக்குப் போன், செ.சா.விடமிருந்து. நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப ஆள் வேண்டுமாக இருக்கும். அப்பா பார்த்தார், எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அம்மா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதரிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அவரு வேலையா இருக்காரு சார்... இல்ல, வர மாட்டாரு... அந்தத் தாம்பாளம் என்னுது சார். நேத்து உங்க கையிலதான் பாத்தேன். கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க. பெஹாலா வந்து மாரிமுத்து வீடுன்னு கேளுங்க."