நெல்லிமலைத் தோட்டத்தில் ஜூன் 3 முதல் மழையை அளந்தவர் யார் என்பது பற்றி

அனுப்புநர்:
இ. கஜலட்சுமி,
தரவுப் பதிவாளர்,
நெல்லிமலை மழைமானிச் செயற்றிட்ட அலுவலகம்,
கண்டி.

பெறுநர்:
தலைவர்,
மண்சரிவு விசாரணைக் குழு,
நெல்லிமலை மழைமானிச் செயற்றிட்டம்,
கண்டி.

விடயம்: விசாரணை அறிக்கையின் 9ஆம், 14ஆம் பந்திகளைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2024.06.06 அன்று நெல்லிமலைத் தோட்ட மேற்பிரிவில் ஏற்பட்ட மண்சரிவில் உயிரிழந்த இருளப்பன் ராக்கம்மா (வயது 58), "விறகு பொறுக்குவதற்காக அனுமதியின்றி அபாய வலயத்தினுள் நுழைந்தவர்" எனத் தங்கள் அறிக்கையின் 9ஆம் பந்தி கூறுகிறது. அது தவறு. அவரை அங்கே போகச் சொன்னவள் நான்.

2. மேற்பிரிவிலுள்ள தானியங்கி மழைமானி அனுப்பும் அளவுகளை எமது அலுவலகத்தில் ஒரு சிறிய யூ.எஸ்.பி. ரேடியோ கருவி வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். ஜூன் 3 திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்தபோது அதன் வயரை எலி கடித்திருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் புது வயர் வாங்கினேன். கடைக்காரர் "போனுக்கா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. ஆம் என்றேன்.

3. புது வயரைச் செருகியதும் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. கணினி மட்டும், கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்றே காட்டியது. விளக்குத்தான் எரிகிறதே என்று வயரை நான் சந்தேகிக்கவில்லை. கணினியை ஏழு தடவை நிறுத்தி இயக்கினேன். எல்லாப் போர்ட்களிலும் மாற்றி மாற்றிச் செருகினேன். மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவினேன். பக்கத்து மேசைக் கணினியில் போட்டுப் பார்த்தேன், அதுவும் கண்டுகொள்ளவில்லை. கருவிகளைத் திருத்தும் திரு. நஸீப், வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார்.

4. மழை வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. தானியங்கி வருவதற்கு முன் பதினொரு வருடங்கள் ராக்கம்மாவே பழைய மழைமானியை அளந்து எமக்குத் தொலைபேசியில் சொல்லி வந்தார். கடந்த ஜனவரியில் அவரை நிறுத்தினோம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். பழைய மழைமானி மட்டும் மேற்பிரிவில் அதே இடத்தில் இருந்தது. திங்கள் மதியம் அவரை அழைத்து, இயந்திரம் சரியாகும் வரை அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, சொல்றேன்" என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை.

5. அவர் தந்த அளவுகள்: திங்கள் மாலை 38 மில்லிமீற்றர், செவ்வாய் காலை 61, மாலை 54, புதன் காலை 97, மாலை 112. இவற்றை இயந்திர அளவுகளுக்குரிய நிரலிலேயே பதிந்தேன். யார் அளந்தது என்று எழுத அங்கே இடம் இருக்கவில்லை. நானும் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

6. புதன் மாலை வந்த 112ஐப் பார்த்துத்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயங்களிலிருந்த 23 குடும்பங்கள் பாடசாலைக்கு மாற்றப்பட்டன. ராக்கம்மாவும் மகளும் அவர்களுள் அடங்குவர். இனி மேலே போகவேண்டாம் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அளவு வேண்டுமே என்ற நினைப்பில் சொல்லவில்லை. வியாழன் காலை ஆறு மணிக்கு அவர் பாடசாலையிலிருந்து மேலே ஏறினார். ஆறு இருபதுக்கு மண் சரிந்தது.

7. அன்று 10.40க்கு திரு. நஸீப் வந்தார். தன் பையிலிருந்த வேறொரு வயரைப் போட்டார். கணினி உடனே கருவியைக் கண்டது. நான் வாங்கியது போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் வயர். மின்சாரம் போகும், தரவு போகாது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேலை இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

8. "தானியங்கிக் கருவியின் தடையற்ற செயற்பாட்டினால் 23 குடும்பங்கள் காப்பாற்றப்பட்டன" என்கிறது 14ஆம் பந்தி. ஜூன் 3 காலை முதல் ஜூன் 6 முற்பகல் 10.42 வரை கருவியிடமிருந்து கணினி எதையும் பெறவில்லை. கணினியே பதிந்து வைத்துள்ள அதற்கான விபரத்தை இணைத்துள்ளேன். உடலுக்கு அருகே கிடந்ததாக அறிக்கை குறிப்பிடும் "பாத்திரம்", மழை அளக்கும் குவளை. விறகுக்குப் போகிறவர் அதைக் கொண்டு போவதில்லை ஐயா.

9. மரண வீட்டுக்குப் போனேன். மகள் நிரோஷா எனக்குத் தேநீர் தந்து, "ஆபிஸ்லருந்து நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க அக்கா" என்றார். தேநீரைக் குடித்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. காலை எட்டரைக்கு வந்து கருவி தரும் இலக்கங்களைச் சரிபார்க்கிறேன். அது இப்போது நன்றாக வேலை செய்கிறது.

10. ஆகவே, ராக்கம்மா எமது வேண்டுகோளின் பேரில் மழை அளக்கச் சென்றவர் என 9ஆம் பந்தியையும், அந்த அளவுகள் அவருடையவை என 14ஆம் பந்தியையும் திருத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என்மீது எடுக்கப்படும் ஒழுக்காற்று நடவடிக்கை எதுவாயினும் அதனை ஏற்கிறேன்.

11. அறிக்கையை ஏற்றுக் கையொப்பமிட நிரோஷா வரும் வெள்ளிக்கிழமை அழைக்கப்பட்டிருக்கிறார். தாய் விறகுக்குப் போய் இறந்தார் என்ற தாளில் அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கக்கூடாது. தாங்கள் திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், வியாழக்கிழமை லயத்துக்குப் போய் இம்மனுவின் பிரதியை அவர் கையில் கொடுப்பேன். அம்மாவை அழைத்தது யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

இவ்வண்ணம்,
தங்கள் பணிவுள்ள,
இ. கஜலட்சுமி

இடம்: கண்டி
திகதி: 2024.07.08

இணைப்பு: கருவியின் இணைப்புப் பதிவு, 2 பக்கங்கள்
பிரதி: செல்வி இ. நிரோஷா, நெல்லிமலைத் தோட்டம் (நேரில்)